தூணுக்குப் பக்கத்தில் நின்றவன்

மார்ச் 4

உயரத்தில் இருக்கும் அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகர மறுத்தது, விட்டுவிட்டேன்.

நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். கிரேன் கேபினில் மெத்தை வைத்த இருக்கை உண்டு, கதவு உண்டு, கீழே எவன் கால் நசுங்கினாலும் சத்தம் மேலே வராது. என் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். அக்கா இங்கே என் அறையில் வந்து தங்கி, சமைத்துப் போட்டு, என்னைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். உங்கள் குவார்ட்டர்ஸில் இப்போது பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

நேற்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'சிக்னல்மேன் தனக்குக் குறித்த இடத்தை விட்டு விலகியதே விபத்துக்குக் காரணம்' என்று இருக்கிறது. வேலை போயிற்று. இனி எந்த சைட்டுக்குப் போனாலும் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கீழே சாட்சி என்று ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் கோணல் கையெழுத்தை உங்கள் கல்யாணப் பதிவேட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நான் நகரவில்லை. சுமை இறங்கும் இடத்தை ஒட்டி சிக்னல்மேனுக்கென்று வரைந்த மஞ்சள் கட்டத்துக்குள், தூணுக்குப் பக்கத்தில், வலது கையை உயர்த்தி 'நிறுத்து' என்று காட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே கம்பிக் கட்டை இறக்கினீர்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு ஏன் அந்தக் கையெழுத்து என்று மட்டும் எழுதுங்கள்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நாளைக்கே "நான் எங்க அப்படிச் சொன்னேன்" என்பீர்கள். உங்களைப் பதினாறு வருடமாகத் தெரியும். அதனால் எழுத்தில் வேண்டும். சிமெண்ட் லாரி டிரைவர் வாரம் இரண்டு முறை இந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் மச்சினன்


மார்ச் 8

மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து அழகாக இருக்கிறது. சிக்னல் காட்டுவதில் இந்த அழகு இருந்திருந்தால் இரண்டு விரலும் இருந்திருக்கும்.

நீ நகர்ந்தாய். நான் பார்த்ததைத்தான் சொன்னேன், பார்த்ததற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். கம்பிக் கட்டு நாலாவது தளத்துக்கு மேலே வந்ததும் உன்னைப் பார்த்தேன், நின்றாய். ஒரு நொடி லீவரைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன், நீ இல்லை. தூண் இருந்தது, பின்னால் சாம்பல் சுவர் இருந்தது, மஞ்சள் கட்டத்தின் ஒரு மூலைகூடத் தெரிந்தது. ஆள் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டுமா? அந்த ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்ததே நீதான்.

"வாக்கி டாக்கில பாதி நேரம் இரைச்சல்தான் அத்தான், கையைக் காட்டிக் காட்டித் தோள் கழண்டு போகுது. எல்லாரும் விலகிட்டா நான் தூணுக்குப் பின்னாடி போயிடறேன். நான் கண்ணுல இல்லைன்னா இறக்கிடுங்க." இப்படிச் சொன்னது யார்? ஆள் தெரியாவிட்டால் சுமையை நிறுத்து என்பது சட்டம். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம், வேலையும் மளமளவென்று நடந்தது. விசாரணையில் அந்த ஏற்பாட்டை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் வேலையோடு நிற்காது, போலீஸ் வந்திருக்கும். நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உன் அக்கா அங்கே சமைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். பார்த்து அனுபவி. மாதத்தில் பாதி நாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். அப்போது சோறு யார் போடுகிறார்கள் என்று பார்க்கிறேன். நான் இங்கே தனியாக இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். ஏறினால் இறங்குவதில்லை. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டி வரும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. மத்தியானச் சாப்பாடு மேலே வருவதற்குள் ஆறிப் போகும், பல நாள் தொடுவதில்லை. உழைக்கிறவனுக்குத் தலைவலி வர நேரம் ஏது?

உன் அத்தான்


மார்ச் 11

அத்தானுக்கு,

பதிலுக்கு நன்றி. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். நான் தூணுக்குப் பின்னால் போயிருந்தால் கம்பிக் கட்டு எப்படி என் காலில் விழுந்தது? தூணைச் சுற்றி வந்து என் காலைத் தேடியதா? அவ்வளவு பாசமுள்ள கம்பியை நான் பார்த்ததே இல்லை. அந்த ஏற்பாடு நான் ஆரம்பித்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் போகவில்லை. எனக்குப் பின்னால் கொத்தனார் ஒருத்தர் சட்டியை எடுக்கக் குனிந்திருந்தார். அவர் விலகுகிற வரைக்கும் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் பிழைத்தார். என்னைக் கேட்டால் அவரும் சாட்சிதான். ஆனால் மேலே இருப்பவருக்கு இருக்கிற மரியாதை கீழே குனிந்திருப்பவருக்கு எங்கே இருக்கிறது?

அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம், போன செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தலைவலி வந்தது. நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. நடிப்பு என்று நீங்கள் சொல்லிச் சொல்லி நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான். காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் "அந்த வெங்காயத்தை வெளிய வை, மணம் தாங்கலை" என்றாள். மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு, ஈரத்துணியை நெற்றியில் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி வைத்து அடிப்பது போல இருக்கிறதாம். நான் ஊன்றுகோலைத் தரையில் வைத்த சத்தத்துக்கே அவள் முகம் சுருங்கியது. இரண்டு முறை வாந்தி. அவ்வளவு பெரிய நடிகையாக இருந்தால் உங்களோடு ஏன் குடித்தனம் நடத்துகிறாள்?

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் உங்களுக்குச் சமையல் தவறக் கூடாது என்று தினமும் மாத்திரை போட்டிருக்கிறாள். அந்த மாத்திரையாலேயே தினமும் தலைவலி வர ஆரம்பித்துவிட்டதாம். வலிநிவாரணியை அடிக்கடி போட்டால் அதுவே வலியைக் கூட்டி வந்துவிடும் என்று டாக்டர் திட்டி நிறுத்தியிருக்கிறார். இப்போது வலி தொடங்கும்போதே ஒன்று, அதுவும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கிடையாது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். இங்கே வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. எதை விட்டு வந்ததால் குறைந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மச்சினன்


மார்ச் 15

மச்சானுக்கு,

நாக்கு நீண்டுவிட்டது உனக்கு. கால்தான் குறைந்தது.

தூணுக்குப் பின்னால் போனாய், உன் போனையோ பீடியையோ கட்டத்திலேயே விட்டிருந்தாய், எடுக்கத் திரும்பி ஓடி வந்தாய், கம்பி இறங்கிவிட்டது. இதுதான் நடந்தது. கொத்தனாரைக் கேட்டார்கள், குனிந்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். உன் இடத்துக்கு வந்த புதுப் பையன் நல்லவன். கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறதாம். வாயே திறப்பதில்லை. நம் தூண் ஏற்பாட்டை அவனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன், கப்பென்று பிடித்துக்கொண்டான்.

உன் அக்காவின் புராணத்தைப் படித்தேன். அதிலே ஒன்றை விட்டுவிட்டாய். தலைவலிக்கு முன்னால் கண்ணில் வெளிச்சம் மினுங்குகிறது என்பாளே, அது எங்கே? நான் கேட்பேன், "எங்க மினுங்குது, காட்டு பார்ப்போம்." காட்ட முடியாது. எனக்கும்தான் மினுங்குகிறது. எதிரே கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது, அதிலிருந்து வெயில் அடித்தால் கண்ணின் ஓரத்தில் ரம்பம் மாதிரி பல் பல்லாய் ஒரு கோடு மின்னிக்கொண்டே பெரிதாகும். கண்ணை மூடினாலும் போகாது, அவ்வளவு கடுமையான வெயில். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். இந்த ஆறேழு மாதமாக அப்படித்தான். உன் கூத்து நடந்த அன்று மத்தியானம்கூட வந்தது. அதற்காக நான் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேனா? கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு துளி வலி கிடையாது. மனசுதான் காரணம், மச்சான். மனசு திடமாக இருந்தால் ஒன்றும் வராது.

அத்தான்


மார்ச் 18

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போலத் திட்டிக்கொண்டே அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களைத் திட்டும்போது அவள் பெரும்பாலும் துணி மடிப்பாள். கண்ணாடிக் கட்டட வெயில் வந்த இடத்தில் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"திருப்பிப் படி."

படித்தேன்.

"கண்ணை மூடினாலும் தெரியுதுன்னா எழுதியிருக்கார்?"

"ஆமா."

"வெயில்னா கண்ணை மூடினா போயிடும்டா. அன்னைக்கு வெயில் இருந்துச்சா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு வெயில் ஏது? காலையிலிருந்து தூறல். சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டது நான்தான். கண்ணாடிக் கட்டடம் அன்று முழுக்க ஈயம் மாதிரி மங்கிக் கிடந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை என்னுடையது இல்லை. "மினுங்கறது அப்புறம்தான் தெரியும். முதல்ல பார்வையில ஒரு ஓட்டை விழும். ஓட்டைன்னு நமக்கே தெரியாது. கறுப்பா இருந்தாத்தானே தெரியும்? பின்னாடி இருக்கற சுவரை எடுத்து அந்த இடத்துல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும். ஒரு தடவை உங்க அத்தான் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். நிமிர்ந்து பார்த்தா தலையைக் காணோம். நாற்காலியோட முதுகு தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துச்சு."

சிரித்தாள். பிறகு அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நீ அங்கதான்டா நின்னிருக்கே. அவர் கண்ணுலதான் நீ இல்லை" என்றாள்.

அத்தான், நீங்கள் பொய் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது தெரியுமா? இரண்டு வாரமாக உங்களைப் பொய்யன் என்று திட்டித்தான் தூங்கப் போவேன், நன்றாகத் தூக்கம் வந்தது. அந்தச் சுகத்தையும் கெடுத்துவிட்டீர்கள். பொய்யனாக இருந்தால்கூட ஒரு மூளை இருக்கிறது என்று மதிக்கலாம். நீங்கள் பார்த்தது பாதி, மீதியை உங்கள் கர்வம் நிரப்பிக்கொண்டது. வீட்டிலேயே ஒருத்தி பதினாறு வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நாள் காதில் வாங்கியிருந்தால் உங்களுக்கு வந்ததும் இன்னதென்று தெரிந்திருக்கும்.

வலி இல்லாமலே இது வருமாம். நேற்று காலுக்குக் கட்டு மாற்றப் போனபோது அக்கா டாக்டரிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டாள். ஒற்றைத் தலைவலி என்பது தலைவலி மட்டும் இல்லை, மூளையில் ஓடுகிற ஒரு அலை, சிலருக்குக் கண்ணோடு நின்றுவிடும் என்றார். பட்டினி, தண்ணீர் குடிக்காதது, தூக்கம் கெடுவது எல்லாம் அதை இழுத்துக்கொண்டு வருமாம். நீங்கள் பெருமையாக எழுதினீர்களே, அதே பட்டியல். ஆனால் இந்த வயதில் புதிதாக வருகிறது என்றால் அதுதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, மூளை ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் இப்படி வரலாம், உடனே காட்டச் சொல்லுங்கள் என்றார். "என்ன வேலை பார்க்கறார்?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

அந்தப் புதுப் பையன் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் உங்கள் கண்ணில் ஒன்றுதான். ஆள் மறைந்தால் இறக்கு என்று அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். என்னுடையது இரண்டு விரலோடு போயிற்று. ஏறாதீர்கள். என் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இறங்குங்கள்.

மச்சினன்


மார்ச் 22

மச்சானுக்கு,

அக்காளும் தம்பியும் உட்கார்ந்து நன்றாகக் கதை கட்டியிருக்கிறீர்கள். வேலை போன ஆத்திரத்தில் என்னையும் கீழே இழுக்கப் பார்க்கிறாய். பொம்பளை வியாதியை என் தலையில் கட்டினால் நான் கட்டிக்கொண்டு நிற்பேனா? இருபத்திரண்டு வருடமாக ஏறுகிறேன். என் கண் பருந்துக் கண் என்று இந்த சைட் முழுக்கப் பேச்சு. நாளைக்கு "ஆபரேட்டருக்கு மசக்கை" என்று எவனாவது சொன்னால் அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அந்த ஏணியில் கால் வைப்பது?

டாக்டரிடம் வேறு போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டா போனீர்கள்? உன் அக்காவிடம் சொல், அவள் தலையை அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே. நான் படிக்க மாட்டேன்.

அத்தான்

அவளுக்கு அது வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.


மார்ச் 25

அத்தானுக்கு,

படிக்க மாட்டீர்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. மெல்லப் பெரிதாகி ஓரமாக நகர்ந்து போய்விடும். அந்த நேரத்தில் கத்தி, அடுப்பு, வண்டி எதையும் தொட மாட்டாளாம். சந்தேகம் வந்தால் எதிரில் இருக்கிறவரின் மூக்கைப் பார்க்கச் சொல்கிறாள். காது இருந்து மூக்கு இல்லை என்றால் அதேதான். கை மரத்தாலோ வாய் குழறினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், யோசிக்கக் கூடாது.

'சும்மாதான் கேட்கிறேன்' என்பதை அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதீர்கள். அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். உங்களுக்காக அவள் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

இறங்குங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

இதை அவளிடம் படிக்காதே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சென்ட்ரிங் தகடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இரண்டு ஷிப்ட், தூக்கம் இல்லை. தகடுகள் பையனின் தலைக்கு மேலே வந்தபோது பார்த்தேன். கால் இரண்டும் நின்றன. மஞ்சள் கட்டத்துக்குள் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள், அதற்கு மேலே சுவர். உடம்பு இல்லை. வேறு நாளாக இருந்தால் காலைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன், ஆள் போய்விட்டான் என்று லீவரைத் தள்ளியிருப்பேன். கை தள்ளத்தான் போயிற்று. அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

நிறுத்திவிட்டேன். சுமை அந்தரத்தில் தொங்குகிறது, கீழே எல்லோரும் கத்துகிறார்கள், வாக்கி டாக்கியில் எஞ்சினியர் தொண்டை கிழியத் திட்டுகிறார். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் பல்லாய் அந்தக் கோடு வந்தது. கண்ணை மூடினேன், உள்ளேயும் வந்தது. அது ஓரமாகப் போகப் போகப் பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். முதலில் இடுப்பு, அப்புறம் தோள், கடைசியில் முகம். அவன் அங்கேயேதான் நின்றிருந்தான், கையைத் தூக்கிக்கொண்டு. நிறுத்து, நிறுத்து என்று காட்டிக்கொண்டு. நீயும் அப்படித்தான் நின்றிருப்பாய். மேலே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அது வியாதியால் இல்லை.

இறங்கி நேராக ஆபீசுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் கண்ணைப் பற்றி, அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம் என்பதைப் பற்றி, நம் தூண் ஏற்பாட்டைப் பற்றி, அன்றைக்கு நீ நின்றாய், நான்தான் பார்க்கவில்லை என்பதைப் பற்றி. எஞ்சினியரும் சேஃப்டி ஆபீசரும் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். பேசி முடித்ததும் எஞ்சினியர் கேட்டார், "தலை வலிக்குதா?"

"இல்லை சார்."

"வலிக்காத தலைவலியா? அது என்ன மாடல்?"

சேஃப்டி ஆபீசர் சிரித்தார். "என்னப்பா, வீட்டுக்காரம்மா ஊர்ல இல்லைன்னு அவங்க தலைவலியை நீ வாங்கிக்கிட்டியா?"

"நிஜமா சார். கண்ணுல மறையுது."

"எங்க மறையுது, காட்டு பார்ப்போம்."

அப்படியே கேட்டார், மச்சான். அதே வார்த்தை. அதே ராகம். அந்த ராகத்தை ஒருவன் நின்றுகொண்டு கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என்னால் காட்ட முடியவில்லை. எதைக் காட்டுவது? வாயைத் திறந்தேன், திக்கியது. திக்கியதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

மச்சினனைக் காப்பாற்றக் குடும்பமே சேர்ந்து நாடகம் போடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். "ஒரு மாத்திரையைப் போட்டுட்டு ஏறு, வேலை நிக்குது" என்றார்கள். ஏற மாட்டேன் என்றேன். ஏறாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். பையனைத் தனியாகக் கூப்பிட்டு, யார் ஏறினாலும் அந்தத் தூண் ஏற்பாடு வேண்டாம், கண்ணில் படுகிற இடத்திலேயே நில், ஆள் தெரியாவிட்டால் நிறுத்துவதுதான் சட்டம் என்று சொன்னேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனால் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லையாம். ஒற்றைத் தலைவலியின் ஒரு வகையாம். உன் அக்கா சொன்னதையே டாக்டர் இங்கிலீஷ் கலந்து சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, தூங்கு, எப்போதெல்லாம் வருகிறது என்று பார்த்துவை, அடிக்கடி வந்தால் வராமல் தடுக்கிற மாத்திரை இருக்கிறது, அதுவரை உயரமும் வண்டியும் வேண்டாம். அவருக்குக் கொடுத்த மரியாதையில் கால்வாசி அவளுக்குக் கொடுத்திருக்கலாம். டாக்டர் சீட்டை ஆபீசில் காட்டினேன். இதெல்லாம் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று திருப்பித் தந்துவிட்டார் எஞ்சினியர்.

நீ நின்றாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். தொழிலாளர் அலுவலகத்தில் கொடு. தூண் ஏற்பாடும் அதில் இருக்கிறது, அதற்கு இரண்டு பேரும்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்களாவது நம்புகிறார்களா பார்ப்போம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஆம்பளை வந்து கண்ணில் ஓட்டை விழுகிறது என்றால் நானே நம்ப மாட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவதென்று இன்னும் யோசிக்கவில்லை. அவளிடம் எதுவும் சொல்லாதே. அவள் சிரித்தால் என்னால் தாங்க முடியாது. சிரிக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

அத்தான்


ஏப்ரல் 5

அத்தானுக்கு,

படித்துக் காட்டிவிட்டேன். நீங்கள் சொன்னதை நான் கேட்பதாக எப்போது ஒப்பந்தம் போட்டோம்?

எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரவில்லை. காலை ஊன்றும்போதெல்லாம் இரண்டு விரல் இல்லாத இடம் என்னைக் கேட்கிறது, அதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஏசி அறையில் இரண்டு பேர் சிரித்ததற்கே உங்களுக்குத் திக்கியது. பதினாறு வருடம் சிரித்தது நீங்கள், பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியது நான். உங்களைத் திட்ட எனக்குத் தகுதி கம்மிதான், இருந்தாலும் திட்டுகிறேன். தாளை நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கிறேன். தூண் ஏற்பாட்டுக்கு வருவதை வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா சிரிக்கவில்லை. எஞ்சினியர் 'காட்டு பார்ப்போம்' என்று கேட்ட இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், உள்ளபடியே சொன்னால் ஆசையாகவே காத்திருந்தேன். அவளுக்குப் பதிலாக நான் எழுத நல்ல நல்ல வார்த்தைகளாக யோசித்தும் வைத்திருந்தேன்.

"என்ன எழுதட்டும்?" என்றேன்.

"நான் நம்பறேன்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதை ஒருத்தர் சொல்றதுக்குத்தான் நான் இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்."

எழுதிவிட்டேன்.

மச்சினன்